ஜோடிச் சைக்கிள்

எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று என் கணவருடையது, ஒன்று என்னுடையது. இரண்டும் ஒரே பச்சை, ஒரே தோல் சீட், ஒரே மாதிரி வளைந்த ஹேண்டில்பார். மட்டாஞ்சேரி சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் சந்தில் வழி தவறி வந்தால், வாசலில் நின்று அவற்றைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். எடுக்கட்டும். எது அசல், எது அதைப் பார்த்துச் செய்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஏறி மிதித்தாலும் சொல்ல முடியாது. நான் விழுந்துதான் தெரிந்துகொண்டேன்.

இதைத் தமிழில் எழுதுவதில் எனக்கொரு சௌகரியம் உண்டு. எங்கள் இரண்டு பேருடையதும் தலைமுறைகளாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள்தான், வீட்டில் பேச்செல்லாம் தமிழ்தான். ஆனால் என் கணவர் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஒரு பக்கம் முடிவதற்குள் சாயா ஆறிவிடும். பெங்களூரில் இருக்கிற மகளுக்கு அதுவும் வராது. அதனால் பயமில்லாமல் எழுதுகிறேன்.

இவருக்கு யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை. அந்தத் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. பழைய நாற்காலி ஒன்று ஒற்றையாகக் கிடைத்தால் அதைச் சீந்துவார் இல்லை. அதுவே ஜோடியாக இருந்தால் கப்பலேற்றிக்கொண்டு போவார்கள். ஆகவே ஒற்றை நாற்காலி வந்ததும், கடைக்குப் பின்னால் இருக்கிற ஆசாரியிடம் அதைப் பார்த்து இன்னொன்று செய்யச் சொல்வார். புது மரத்துக்குக் கெட்டி டீ டிகாஷன் ஒரு பூச்சு, உருக்கிய மெழுகு ஒரு பூச்சு, செயினால் அங்கங்கே நாலு தட்டு. ஒரு மழைக்காலம் முழுக்க முற்றத்தில் கிடந்தால் அதற்கும் நூறு வயது ஆகிவிடும்.

வாங்க வருகிறவர் இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துச் சந்தோஷப்படுவார். இதில் எது அசல் என்று ஒருவரும் கேட்டதில்லை. இவருக்கு மட்டும் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இந்தக் கதைகளைச் சொல்வார், நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். வாங்குகிறவன் கடல் தாண்டிப் போகிறவன், நமக்கென்ன வந்தது என்றிருந்தேன்.

அந்த அசல் சைக்கிளும் கடை வழியாகத்தான் வந்தது. போர்ட் கொச்சியில் மாசக்கணக்கில் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது இவரிடம் விட்டுவிட்டுப் போனார். ஃபிக்ஸ்ட் வீல் சைக்கிள். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும், காலுக்கு ஓய்வு. இதில் அது நடக்காது. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும், பெடல் சுற்றுகிற வரைக்கும் காலும் சுற்றியே ஆக வேண்டும். ஏற்றமானாலும் இறக்கமானாலும் கால் நிற்கக் கூடாது. கல்யாணமான பெண்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக ஒரு சுகம் உண்டு. வண்டியை மெதுவாக்க வேண்டுமென்றால் காலைப் பின்பக்கமாக அழுத்தினால் போதும். பிரேக்கைத் தொடவே வேண்டாம். பஜார் ரோட்டில் சாக்கு இறக்குகிற லாரிகளுக்கு நடுவில் இவர் அப்படிக் காலாலேயே வண்டியை அடக்கி, நிறுத்தி, எடுத்துப் போவதைப் பார்க்க அழகாக இருக்கும். அம்பது வயது தாண்டிய மனுஷனுக்கு இது தேவையா என்று கேலி செய்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். சைக்கிள் ஆசை மட்டுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். கோயிலுக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும் இதே வரிசைதான். இவர் திருப்பத்தில் நின்று, நான் வந்து சேர்வதற்குள் மறுபடி நடக்க ஆரம்பித்துவிடுவார். நான் சுள்ளிக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு ஃபிக்ஸ்ட் வீல் சைக்கிளில் பல்சக்கரத்துக்கு ஒரே எண்ணிக்கைப் பல் இருந்தால், இவர் கால் ஒரு சுற்றுச் சுற்றும்போது என் காலும் ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் போகலாம். எனக்கு அது வேண்டியிருந்தது. வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இவருக்கு என் ஆசை பிடித்துப்போனது. "ஜோடியாப் பண்ணிரலாம்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

பழைய ஃப்ரேம் ஒன்று கிடைத்தது. வராந்தாவில் பேப்பர் விரித்து உட்கார்ந்து தன் சைக்கிளின் பின் சக்கரத்தை எனக்குக் காட்டினார். நடுவிலிருக்கும் ஹப்பில் பல்சக்கரம் மரையில் திருகி உட்கார்ந்திருக்கிறது. முன்னால் மிதிக்க மிதிக்க அது இறுகும். ஆனால் வண்டியை அடக்கக் காலைப் பின்னால் அழுத்தும்போது அதே மரை கழலப் பார்க்கும். அதைக் கழலவிடாமல் இருக்க, வெளியே இன்னொரு வளையம். அதற்கு மரை எதிர்ப்பக்கம். பல்சக்கரம் கழலப் போனால் அது இந்த வளையத்தை இறுக்கும். "இந்த வளையம்தான் உயிர், கேட்டியா. இதில்லாம காலால நிறுத்தினா பல்லு கழண்டு வந்துரும். ஆளு காலி" என்றார். அப்படிப்பட்ட ஹப் நம்மூரில் கிடைக்காது, பெங்களூருக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன் என்றார்.

ஒரு நாள் சாயங்காலம் வந்து, பார்சல் வந்தாச்சு என்றார். பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, கடையிலேயே போட்டுவிட்டேன் என்றார். நான் வேறொன்றும் கேட்கவில்லை. கட்டின புருஷனிடம் பெட்டியைக் காட்டு, பில்லைக் காட்டு என்று யார் கேட்பார்கள்?

சைக்கிள் தயாராகி வந்தபோது அழகாக இருந்தது, அதில் பொய்யில்லை. பெயிண்டை உரசிப் பழசாக்கி, தன் சைக்கிளில் எங்கெங்கே கீறல் இருந்ததோ அங்கெல்லாம் கீறல் வைத்திருந்தார். பின் சக்கரத்தின் நடுவில் வளையம்கூட அதே கறுப்பில் இருந்தது. நான் தினம் அதில் பள்ளிக்கூடம் போனேன். சுடிதார் கால் செயினில் மாட்டாமலிருக்கத் துணி உலர்த்துகிற கிளிப்பைப் போட்டுக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு மாசத்தில் கால் பழகிவிட்டது.

ஒன்று மட்டும் இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "காலால நிறுத்த வேண்டாம், கேட்டியா. ப்ரேக்கைப் பிடி. உன் முட்டிக்கு நல்லதில்ல."

என் வலது முட்டி மாடிப்படி இறங்கும்போது கொஞ்சம் வலிக்கும். எப்போதோ ஒரு தடவை சொல்லியிருந்தேன், தைலம் வாங்கிவரக்கூட இவருக்கு ஞாபகம் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் இத்தனை அக்கறையாக என் முட்டியை நினைவு வைத்துச் சொல்கிறாரே என்று உருகிப்போனேன். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம்கூடச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். முட்டிக்குப் பயந்தல்ல, அவர் சொன்னதற்காகவே நான் பிரேக்கைப் பிடித்து ஓட்டினேன்.

கிறிஸ்துமஸ் லீவில் பாலக்காடு வரைக்கும் போவது என்று முடிவானது. இவருடைய தங்கை அங்கே இருக்கிறாள். திருவாதிரைக்குக் களி சாப்பிட வாங்க என்று ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவாள், ஒவ்வொரு வருஷமும் இவருக்குக் கடையில் சீசன். இந்த முறை கடையைப் பார்த்துக்கொள்ள ஆளை வைத்துவிட்டு வருகிறேன் என்றார். காலையில் கிளம்பிச் சாயங்காலத்துக்குள் போய்ச் சேருகிற தூரம். மகள் போனில், "உங்க ரெண்டு பேருக்கும் வட்டா?" என்று கேட்டாள். ஆமாம், பைத்தியம்தான் என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இருட்டுப் பிரிவதற்கு முன்னாலேயே கிளம்பினோம். தோப்பும்படிப் பாலத்தில் காயல் காற்று பனியோடு வந்து முகத்தில் அடித்தது. நம்மூர்க் குளிர் தெரிந்ததுதானே, மற்ற ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் சைக்கிள் மேல் உட்கார்ந்தால் காது விறைக்கும். நான் மப்ளர் கட்டியிருந்தேன். இவர் பிரெஞ்சுக்காரர் விட்டுப் போன தொப்பியைப் போட்டிருந்தார். ஆலுவா தாண்டும்போது வெளுத்தது. அங்கமாலிப் பக்கம் ரோட்டோர வீடுகளில் நட்சத்திர விளக்குகளை இன்னும் அணைக்கவில்லை. சபரிமலை வண்டிகள் மாலையும் பேனருமாக எதிரே வந்துகொண்டிருந்தன. உள்ளேயிருந்த சாமிமார் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள்.

நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் போனோம். வண்டி வந்தால் ஒருவர் பின்னால் ஒருவர், வண்டி போனதும் மறுபடி பக்கத்தில். இவர் கால் மேலே போகும்போது என் காலும் மேலே போனது. கொரட்டிக்கும் சாலக்குடிக்கும் நடுவில் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் அப்படியே போனோம். இத்தனை வருஷத்தில் இவர் எனக்குக் கொடுத்ததில் இதுதான் பெரிசு என்று நினைத்துக்கொண்டேன். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். இவர் என்னைப் பார்க்காமல், "ரோட்டைப் பாரு" என்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

மண்ணுத்தியில் செடி விற்கிற நர்சரிகளைத் தாண்டியதும் கிழக்கிலிருந்து காற்று ஆரம்பித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக கார்த்திகையான விருச்சிக மாசம் தொடங்கித் தை மாசமான மகரம் வரைக்கும் வீசுகிற காற்று அது. எங்களூரில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, நெஞ்சில் வாங்கினதில்லை. அதோடு குதிரானுக்கு ஏற்றம் வேறு. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தோம். சுரங்கத்துக்குள் லாரிச் சத்தம் காதைப் பிளந்தது. வெளிச்சத்துக்கு வந்தபோது எனக்குக் கண் கூசியது. அங்கிருந்து இறக்கம்.

இறக்கத்தில் ஃபிக்ஸ்ட் வீல் என்ன செய்யும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்கப் பெடல் காலை இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. இவர் எனக்கு முன்னால் காலாலேயே வண்டியை அடக்கிக்கொண்டு சீராகப் போய்க்கொண்டிருந்தார். நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவள், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன். விரல்கள் மரத்துப்போயின. அப்போது பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு என்னை ஒட்டி வந்து, முன்னால் இருந்த ஸ்டாப்பில் நிறுத்துவதற்காக இடது பக்கம் ஒடித்தது. யோசிக்க நேரமில்லை. உடம்பு தானாகச் செய்வதைச் செய்தது. இரண்டு காலையும் பின்னால் அழுத்தினேன்.

காலுக்கடியில் ஏதோ விட்டுப்போனது. பெடல் பின்பக்கமாகச் சும்மா சுழன்றது. அடுத்த நொடி செயின் எங்கேயோ சிக்கிச் சக்கரம் இறுகி, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் என்னை ரோட்டோரச் சரளைக் கல்லில் போட்டது. பஸ் நல்லவேளையாக நின்றிருந்தது. இடது முழங்கை உரிந்திருந்தது, முட்டி உரிந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று எழுந்து உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது.

இவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வந்தவர் அடிபட்டதா என்று கேட்கவில்லை. வண்டியையும் பார்க்கவில்லை.

"காலால பிடிச்சியா?" என்றார். "காலால பிடிச்சே, இல்லே?"

நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பிப் போனது. ஸ்டாப்புக்கு எதிரே ஒரு சாயாக்கடை. கடைக்காரப் பெண் ஒரு செம்பில் தண்ணீரோடு வந்து, "சேச்சி, இவிடெ இரிக்கு, கையொந்நு கழுகட்டே" என்று என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துக் கையைக் கழுவிவிட்டாள். எனக்கு அந்தத் தண்ணீரின் எரிச்சல்கூட உறைக்கவில்லை. காலால பிடிச்சியா என்ற கேள்வி மட்டும் உறைத்துக்கொண்டிருந்தது. என் வண்டியில் என்ன நடந்திருக்கும் என்று பார்க்காமலே தெரிந்த ஒருவர்தான் அதைக் கேட்க முடியும்.

எழுந்து போய் என் சைக்கிளைத் திருப்பிப் போட்டேன். செயின் தொங்கிக்கொண்டிருந்தது. பல்சக்கரமும் கறுப்பு வளையமும் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தன. விரலால் திருகினேன். வளையம் ஒரு பக்கம் சுற்றியது. பல்சக்கரத்தைத் திருகினேன். அதுவும் அதே பக்கம் சுற்றியது. வராந்தாவில் பேப்பர் விரித்து எனக்குப் பாடம் எடுத்திருக்காவிட்டால் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். மரையில் காய்ந்த பசை பொருக்குப் பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு எதிர் மரை இல்லையே" என்றேன்.

"முறுக்கியிருந்தேன். நல்லா முறுக்கியிருந்தேன்."

"பெங்களூர்லேந்து பார்சல் வந்ததா, இல்லையா?"

"ஸ்டாக் இல்லைன்னான். எப்ப வரும்னு தெரியாதுன்னான். நீ தினம் தினம் கேட்டுட்டே இருந்தே. நம்மூர் ஹப்புலயே போட்டு, பசை வெச்சு இறுக்கினேன். ரொம்பப் பேர் அப்படி ஓட்டறாங்க. நிக்கும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ஏறியிருக்க மாட்டே."

ஏறியிருக்க மாட்டேன், உண்மைதான். அதனால்தான் சொல்லவில்லை என்று இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரில் சும்மா சொல்வோம். முட்டிக்கு நல்லதில்ல, முட்டிக்கு நல்லதில்ல என்று அத்தனை நாள் சொன்னது என் முட்டிக்காக இல்லை. தான் செய்துவைத்தது வெளியில் தெரியாமலிருக்கச் சொன்னது. அதற்குப் போய் உருகி நின்றிருக்கிறேன், அண்டை வீட்டில் பெருமை வேறு பேசியிருக்கிறேன்.

"அசலை நீங்க வெச்சுக்கிட்டு, இதை எனக்கு மாட்டி விட்டீங்க" என்றேன்.

"உனக்கு வெயிட் குறைவில்லே? அதான்."

சாயாக்கடைப் பெண்ணுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"உங்க பின் சக்கரத்தைக் கழற்றுங்க" என்றேன்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். பிறகு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம், களி எங்கே போகிறது என்றார். நான் அதே வாக்கியத்தை மறுபடி சொன்னேன். வகுப்பில் இருபத்தைந்து வருஷம் சொல்லிப் பழகிய குரல் அது. இவர் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துத் தன் சக்கரத்தைக் கழற்றினார். அதை என் ஃப்ரேமில் மாட்டினார். இரண்டும் ஒரே அளவு என்பதால் கச்சிதமாக உட்கார்ந்தது. செயினை ஏற்றி, நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். வேலையில் குறை சொல்ல முடியாது.

என் சக்கரத்தை எடுத்து அவர் பக்கம் உருட்டினேன். "இதை நீங்க போட்டுக்குங்க. நல்லா முறுக்கிக்குங்க. காலால நிறுத்தாம பிரேக்கைப் பிடிச்சு வந்தாப் போதும்."

அவர் சக்கரத்தைப் பார்த்தார். கீழே போகிற ரோட்டைப் பார்த்தார். லாரி ஒன்று எங்களைத் தாண்டி இறங்கிப் போனது.

"இதை வெச்சுக்கிட்டு இந்த இறக்கத்துல நான் எப்படிப் போறது?" என்றார்.

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார், நான் ஏதோ வழி சொல்வேன் என்பது போல. தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் படவே இல்லை. நான் மப்ளரைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, காலிக் காய்கறிக் கூடைகளோடு வந்த ஒரு பிக்கப் வண்டியைக் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். அந்த வண்டி என்னைத் தாண்டியபோது பின்னால் கூடைகளுக்கு நடுவில் சைக்கிளோடு நின்றபடி, "ஏறு, நீயும் ஏறு" என்று கத்தினார். நான் பார்க்காதது போல மிதித்தேன்.

மிச்ச இறக்கம் முழுவதையும் காலாலேயே அடக்கி இறங்கினேன். முட்டி வலித்தது. ஆனால் அசல் ஹப் அசையாமல் நின்றது. என் காலுக்கு எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவும் சக்கரத்துக்குப் போயிற்று. இந்தச் சுகத்தைத்தான் இத்தனை நாள் இவர் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தபோது அழுகை வந்தது. ரோட்டில் அழுதுகொண்டே சைக்கிள் மிதிக்கிற கணக்கு டீச்சரை யாரும் கவனிக்கவில்லை. எதிர்க்காற்று கண்ணீரைக் காதுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

வடக்கஞ்சேரி தாண்டியதும் வயல்வெளி. அங்கே காற்றுக்குத் தடையே இல்லை. மிதித்தால் வண்டி நகர மறுக்கிறது, மிதிக்காமலிருக்கவும் இந்த வண்டி விடாது. ஆலத்தூரில் ஒரு கடையில் நின்று சாயா குடித்தேன். மூன்று தடவை போன் அடித்தது, எடுக்கவில்லை. இறங்கி பஸ் ஏறிவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. ஏறினால், பாதி வழியில் முடியாமல் வந்துவிட்டாள் என்று ஆகிவிடும். வீம்புக்குத்தான் மிதித்தேன், வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

நாத்தனார் வீட்டு வாசலில் போய் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. முழங்கையில் ரத்தம் காய்ந்து சட்டையோடு ஒட்டியிருந்தது. அவள் ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அண்ணன் எல்லாம் சொல்லுச்சு. பாவம், நடு ரோட்டுல உங்களுக்குப் பல்லு கழண்டு போயிட்டுதாமே. தன் சக்கரத்தையே கழற்றி உங்களுக்கு மாட்டி விட்டுட்டு, அது கூடைக்கு நடுவுல நின்னுட்டு வந்திருக்கு. இந்தக் காலத்துல எந்த ஆம்பளை செய்வான்?"

இவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், குளித்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு. என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தையில் திருத்திவிடுவேனோ என்ற பயம் அந்த முகத்தில் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அது இல்லை. தங்கை சொன்னதைக் கேட்டு லேசாகக் கூச்சப்பட்டார், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்ற எண்ணம்கூட அவருக்கு இல்லை. அதற்குள் அந்தக் கதையை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், நிக்கும்னு நெனச்சேன் என்பார். வேணும்னேவா செஞ்சான், பாவம் என்று எல்லோரும் சொல்வார்கள். கடைசியில் களி ஆறிப்போகப் பேசிக்கொண்டிருக்கிற பெண்ணாக நான் நிற்பேன். "அண்ணி, நோன்புதானே?" என்று நாத்தனார் கேட்டாள். திருவாதிரை நோன்பு புருஷன் நல்லா இருக்கணும் என்று பெண்கள் இருப்பது. எனக்குப் பசிக்கிறது என்று சொல்லி, முதல் ஆளாக உட்கார்ந்து களியைச் சாப்பிட்டேன்.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். சைக்கிள்கள் இவருக்குத் தெரிந்த ஒருவரின் வண்டியில் பின்னால் வந்து சேர்ந்தன. ஜூ டவுன் முழுக்கக் கதை பரவியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்து, "சேட்டன் சக்கரம் ஊரி கொடுத்துல்லே" என்று, இவர் கழற்றிக் கொடுத்ததை மெச்சிச் சிரித்தார். மகள் போனில், "அப்பா ஸோ ஸ்வீட்" என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வந்தேன். முட்டிக் காயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். பெங்களூரிலிருந்து நிஜமாகவே ஹப் வந்துவிட்டது. பெட்டியை என் கண் முன்னாலேயே பிரித்தார். எதிர் மரையை என் விரலாலேயே திருகிப் பார்க்கச் சொன்னார். பேப்பரை விரித்து உட்கார்ந்து என் சக்கரத்துக்கு ஸ்போக் கோக்க ஆரம்பித்தார். முகத்தில் ஒரு நிம்மதி, கணக்கைத் தீர்த்துவிட்டவர் போல. நான் வாசற்படியில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தேன். கோபம் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கேட்காமல் விட்டது ஒன்று இருந்தது.

"அப்பவே அந்த நாட்டு ஹப்பை உங்க சைக்கிள்ல போட்டுக்கிட்டு, அசலை எனக்குக் குடுத்திருக்கலாமே?" என்றேன். "வெயிட் குறைவுங்கற கதை வேண்டாம்."

அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"வெயிட்னு சொன்னது அங்க சும்மா வாயில வந்தது" என்றார். "சத்தியமாச் சொல்றேன், உனக்கு எதைக் குடுக்கறது, எனக்கு எதை வெச்சுக்கறதுன்னு நான் ஒரு கணக்கும் போடல. மாத்திக் குடுக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல."

சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்து வேலையைத் தொடர்ந்தார். என்னைச் சமாதானப்படுத்திவிட்டதாகவே நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் சற்று நேரத்தில் சாயா கேட்டார். எனக்கு அந்த வெயிட் கதையே மேலாக இருந்தது. அதில் பொய்யாகவாவது என்னை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருந்தார்.